யார் பாட்டு?

நாட்டுப் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது என்று பெருமையாகச் சொல்வது நமக்குப் பழகிவிட்டது. ஆற்றுக்கும் காற்றுக்கும் சொந்தக்காரர் உண்டா, அதைப்போலத்தான் இதுவும் என்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர்கள் காணாமற்போனது பாடியவர்களின் பெருந்தன்மையாலா, கேட்டவர்களின் அலட்சியத்தாலா என்ற சந்தேகம் எனக்கு வெகு நாளாக உண்டு.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது ஆலங்காயம். அங்கிருந்து மலையேறினால் சாமைக் கொல்லைகளைப் பார்க்கலாம். ஒரு கொல்லையில் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். பழைய மெட்டு. நடுவில், அன்று காலை வராமலே போன பஸ்ஸைப் பற்றி இரண்டு அடி வந்தது; கொல்லை முழுவதும் ஒரே சிரிப்பு. பாட்டு ஓய்ந்ததும், அது யார் கட்டியது என்று விசாரித்தேன்.

"எங்க அத்தை பாட்டு சார். பஸ்ஸு வர்ற ரெண்டடி மட்டும் நான் போட்டது" என்றாள் அவள்.

எவ்வளவு சுத்தமான கணக்கு! அத்தையின் சொத்தில் ஓர் அடியைக்கூட அவள் தன்னுடையது என்று சொல்லவில்லை. தன் இரண்டடியை விட்டுக்கொடுக்கவும் இல்லை. பொதுச்சொத்து என்று அதற்கு முத்திரை குத்துகிறவர்கள் நாம்தான்.

நம் மரபிலும் பெயர் சொல்வது பிழையாகக் கருதப்படவில்லை. ஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரை வைத்துப் பாடினார். திருக்கடைக்காப்பு என்று அதைப் போற்றுகிறோம். ஆண்டவன் சந்நிதியில் ஆணவமாகப் படாத ஒன்று, களை எடுக்கிறவளிடம் மட்டும் ஏன் நமக்கு உறுத்த வேண்டும்?

பெர்ஸி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி திரட்டிய நாட்டுப் பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்தார், 1958இல் 'மலையருவி' என்ற நூலாக வந்தது. திரட்டியவருக்கும் பதிப்பித்தவருக்கும் நன்றி சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். பாடிக் கொடுத்தவர்களுக்கு யார் சொல்வது?

அதே ஆலங்காயத்துக்கு மேலே, காவலூர் வானாராய்ச்சி நிலையத்தில், 1988இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரைச் சூட்டினார்கள்; கண்டுபிடித்த ராஜமோகன் பெயரும் பதிவாயிற்று. வானத்துக் கல்லுக்கே இந்த மரியாதை உண்டு.

புதிதாகப் பாட்டுக் கட்டி மேடையில் பாடுகிறவரிடம் இன்னொரு வழக்குக்குப் போகிறோம். புதுப் பாட்டு எப்படி நாட்டுப் பாடலாகும் என்கிறோம். ஆகிவிட்டால், அது ஊர்ச் சொத்துதானே, உனக்கு எதற்குப் பெயர் என்கிறோம். இரண்டு பக்கமும் அவருக்கு அடிதான்.

அரக்கோணத்துக்காரர் அறிவு எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்தது. இசை சந்தோஷ் நாராயணன். உடன் பாடியவர் தீ. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட பாட்டி வள்ளியம்மாளின் பேரன் தான் என்று பாட்டுக்குள்ளேயே சொல்கிறார் அறிவு. அந்தக் களைக்காரி சொன்ன கணக்கும் இதுதான்: இது பாட்டியுடையது, இது என்னுடையது. அவ்வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பலர் கேள்வி கேட்ட பிறகே அவரை வைத்தும் ஓர் அட்டை வந்தது. கூட்டு முயற்சியில் யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கேட்டால்தான் கிடைக்கும் மரியாதை முழு மரியாதையாகுமா என்பதுதான் என் கேள்வி.

பெயர் சொன்னால் பாட்டுக்கு வேலி போட்டதாகும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அத்தை பாட்டு என்று தெரிந்துதானே அத்தனை பெண்களும் வாயாரப் பாடினார்கள்? பாடுவதற்கு யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை. யாருடையது என்று கேட்டால் உள்ளதைச் சொன்னால் போதும்.

பாட்டு எல்லோருக்கும் பொதுதான். கடன் பொது அல்ல; அது இன்னாருக்கு என்று இருக்கிறது. அத்தைக்கு உள்ளதை அத்தைக்கும், மருமகளுக்கு உள்ளதை மருமகளுக்கும் கொடுத்த பிறகு, தாராளமாகப் பாடலாம்.