நுகத்தடி தூரம்: மலிவு விலை டயரும் கொல்லாமையும்

கொல்லாமை பற்றிய விவாதங்கள் தமிழகத்தில் நெடுங்காலமாக இறைச்சி, வேள்வி, போர் ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்ந்து வந்துள்ளன. ஒரு நடுத்தரக் குடும்பம் மாதச் சம்பளத்திலிருந்து எடுத்துச் செய்யும் செலவுகளில் கொல்லாமைக்கு இடம் உண்டா என்று கேட்டவர்கள் குறைவு. காருக்கு டயர் வாங்குவது அத்தகைய செலவுகளில் ஒன்று. நான்கு டயர்களையும் ஒரே நாளில் மாற்றுவதென்றால் பல வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தோடு போட்டியிடும் தொகை தேவைப்படும். ஆகவே விலை குறைந்ததைத் தேடுவதும், இன்னும் சில மாதம் ஓடட்டும் என்று தள்ளிப்போடுவதும், பழைய டயர் விற்கும் கடையை நாடுவதும் இயல்பாகவே நிகழ்கின்றன. இந்தச் சிக்கனம் இல்லறத்துக்கு உரிய நற்பண்பா, அன்றிப் பிறர் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் சேமிப்பா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

இவ்வினாவை விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளக் கரையில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வூர் வழியே செல்கிறது. இங்கிருந்து மேற்கே திண்டிவனத்துக்கும் ஒரு சாலை பிரிகிறது. ஆண்டின் தொடக்க மாதங்களிலிருந்து வடகிழக்குப் பருவமழை இறங்கும் வரை இங்கே உப்பு விளையும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டியிருப்பதால், பெண்கள் உட்பட உப்பளத் தொழிலாளர்கள் இருள் பிரியுமுன்னரே பாத்திகளுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். முகூர்த்தத்துக்கோ கோயிலுக்கோ குடும்பத்தோடு கிளம்பிய கார்கள், சாலை காலியாக இருக்கிறதென்று வேகமெடுக்கும் நேரமும் அதுவே. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் சிலர் கருதுவர். அவ்வாறாயின் உப்பு ஏற்றிய வண்டிகளின் தடம் இக்கரையில் மிகப் பழையது.

அந்த வண்டிகளைப் பற்றிய ஒரு செய்தி இங்கு நேரடியாகப் பொருந்துகிறது. நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்று விற்ற வணிகர்களைச் சங்க நூல்கள் உமணர் என்று அழைக்கின்றன. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். முதல் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக உடன் கொண்டு செல்லப்படும் மற்றோர் அச்சே சேம அச்சு எனப்பட்டது. அதைக் கட்டுவதற்கு அப்பாடல் சொல்லும் காரணங்கள் கவனிக்கத்தக்கவை: எருதுகள் இளையவை, பாரம் மிகுதி, வழியில் பள்ளத்தில் இறங்க நேருமோ மேட்டில் ஏற நேருமோ யாரும் அறியார். மனைவி மக்களோடு வழியிலேயே வாழ்ந்த அவ்வணிகர்களுக்கு, விற்க முடியாத ஒரு மரத்துண்டின் எடையை நெடுந்தூரம் சுமந்து செல்வது இழப்பே. அவ்விடத்தில் இன்னும் கொஞ்சம் உப்பை ஏற்றியிருக்கலாம். ஆயினும் தமக்குத் தெரியாதது வழியில் உண்டு என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். காரின் ஸ்டெப்னி இந்தச் சேம அச்சின் நேர் வாரிசு. இன்று பல கார்களில் அது காற்றிறங்கிக் கிடப்பதைப் பார்க்கும்போது, உமணர் கணக்கு நம்முடையதைவிடத் தெளிவானது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி வினாவின் மெய்யியல் பகுதி. தீங்கு செய்யும் எண்ணமே இல்லாத ஒருவரால் தீங்கு நேர்ந்தால் அது அவர் வினையாகுமா? பௌத்தம் இதற்குச் சேதனை என்னும் கருத்தைக் கொண்டு விடை கூறுகிறது. சேதனை என்பது ஒரு செயலைச் செய்விக்கும் மனத்தின் நோக்கம், அதுவே வினை எனப்படும். மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில், சமணரைப் பின்பற்றிய உபாலி என்னும் இல்லறத்தார் உடலால் செய்யும் தீவினையே கொடியது என்று வாதிட, புத்தர் மனத்தால் செய்வதே கொடியது என்று நிறுவுகிறார். சமணர் இதை ஏற்கவில்லை. தமிழில் எழுந்த சமண வாத நூலாகிய நீலகேசி, தான் கொல்லாமல் பிறர் கொன்றதை வாங்கி உண்பதில் குற்றமில்லை என்ற பௌத்த நிலையைக் கடுமையாக மறுக்கிறது. வாங்குபவர் இருப்பதால்தான் கொலை நடக்கிறது என்பது அந்த மறுப்பின் சாரம், திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் இக்கருத்தைக் கொண்டுள்ளது. நோக்கம் தூயதாக இருந்தால் வாங்குபவரின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது என்ற ஆறுதலை இம்மரபு எவருக்கும் தருவதில்லை.

அப்படியானால் உடலால் நேரும் ஒவ்வொரு தீங்கும் பாவமே என்று சமணம் கூறுகிறதா என்றால், அதுவும் இல்லை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில் இம்சையை வரையறுக்கும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் பிரிப்பதே இம்சை என்கிறது; பிரமாதம் என்பது கவனமின்மை, விழிப்புத் தளர்ந்த நிலை. பத்தாம் நூற்றாண்டினரான அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயம் என்னும் நூலில் இதை இரு திசையிலும் நீட்டிச் செல்கிறார். விழிப்போடு நடந்த துறவியின் காலடியில் ஓர் உயிர் மடிந்தாலும் அது இம்சையாகாது. விழிப்பின்றி நடந்தவரின் காலடியில் எந்த உயிரும் மடியாவிட்டாலும் இம்சை நிகழ்ந்துவிட்டது. இந்த இரண்டாம் பகுதியே நம் பொருளுக்கு முதன்மையானது. மொட்டை டயரோடு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லையே என்று மகிழ்பவரிடம், ஆகாதது அவருடைய அறத்தால் அன்று என்று இந்நூல் சொல்லும். செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இருக்கிறது என்பதால், இது இம்மாவட்டத்துக்கு அயலான சிந்தனை அன்று. திருக்குறளும் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரத்தையே, மகிழ்ச்சியில் தன்னை மறந்து கடமையில் சோர்வதன் கேட்டைச் சொல்ல ஒதுக்கியிருக்கிறது.

விழிப்பை அளக்கவும் சமணத்தில் ஓர் அளவு உண்டு. ஈர்யா சமிதி, அதாவது நடையில் கடைப்பிடிக்கும் கவனம், துறவி தனக்கு முன்னே ஒரு நுகத்தடி நீளத்துக்கு, ஏறத்தாழ நான்கு முழத்துக்கு, தரையைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும் என்கிறது. அளவின் பொருள் எளிது: எவ்வளவு தூரத்தில் நிற்க முடியுமோ அவ்வளவு தூரம் பார்க்க வேண்டும். இதைக் காருக்குப் பொருத்தினால் டயரின் பங்கு புலப்படும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது; பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி, பிறகு காய்ந்த சாலையில் நல்ல டயரோடு நிற்க ஏறத்தாழ 36 மீட்டர், ஆகக் கிட்டத்தட்ட 60 மீட்டர் ஆகிறது. டயர் தேய்ந்து, சாலையும் நனைந்து, பிடிப்பு பாதியாகக் குறைந்தால் அது 95 மீட்டரை நெருங்கும். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் சுமார் 100 முதல் 150 சதுர சென்டிமீட்டர்தான்; மழைநீரை அவ்விடத்திலிருந்து வெளியேற்றுவது டயரின் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள். பள்ளம் ஆழமிழந்தால் நீர் போக வழியின்றி, டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஓட்டுபவரின் சொல்லைக் கேட்பதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது பெய்தது போன்ற மழையை அறிந்த இக்கரையில், இது ஏட்டுக் கணக்கு அன்று.

ஆகவே விலை குறைவு என்பதே குற்றம் ஆகாது. பாராமல் வாங்குவதே குற்றம். பார்ப்பதற்குப் பெரும்பாலும் காசு வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றிருந்தால் அது 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வெயிலாலும் காற்றில் உள்ள ஓசோனாலும் ரப்பர் ஓடாமலே இறுகி வெடிப்புக் காணும் என்பதால், பழைய டயர் கடையில் பட்டன் முழுதாக இருக்கிறது என்று காட்டப்படும் டயரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் உண்டு. பட்டன் தேய்ந்து அம்மேட்டோடு சமமானால் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, கார் டயருக்குச் சட்டம் பொறுக்கும் எல்லை அதுவே. டயரின் அளவை அடுத்து வரும் எண் சுமைக் குறியீடு. சிறிய கார்களில் காணப்படும் 74 என்பது ஒரு டயர் 375 கிலோ தாங்கும் என்று பொருள்படும். ஐவர் அமரும் காரில் எழுவரும் மூட்டை முடிச்சுகளும் ஏறும் நாளில் அந்த எண்ணையும் நினைக்க வேண்டும். கடற்கரை ஊருக்கென்று இன்னொன்று: உப்புக்காற்று ரப்பரைவிட இரும்பு ரிம்மையே அதிகம் தின்னும், துருப்பிடித்த விளிம்பில் டயர் சரியாகப் படியாமல் காற்று சிறிது சிறிதாக இறங்கும். புதிய டயரின் மேல் பழியைப் போடுமுன் ரிம்மைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்வது நல்லது.

நடுவழியும் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டயரை விற்க இந்தியாவில் இடமில்லை. புதுச்சேரியிலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இயங்கும் ஆலைகளின் டயர்கள் இக்கரைக்கு அருகிலேயே உருவாகின்றன. கார் நிறுவனம் குறித்த அதே அளவில், புதிய தேதியிட்ட, ஆடம்பரமற்ற உள்நாட்டு டயர் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானது. நான்குக்கும் பணமில்லை என்றால் இரண்டை மாற்றலாம். புதிய இரண்டையும் பின்புறம் பொருத்துவதே முறை, ஏனெனில் ஈரச் சாலையில் பின் சக்கரம் பிடிப்பிழந்தால் வண்டி சுழன்றுவிடும்.

அந்த இரண்டுக்கும் வழியில்லாதவர் என்ன செய்வது என்பது இவ்வாய்வின் கடினமான இடம். வறுமையைக் குற்றமாக்கும் அறம் அறமாகாது. ஆனால் வாங்க முடியாததை விட்டுக்கொடுத்து ஈடு செய்ய முடியும்: வேகத்தை 80இலிருந்து 50க்குக் குறைத்தால் பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் பாதிக்கும் கீழே இறங்கும்; மழை நாளில் பேருந்தில் போகலாம்; பாரத்தைக் குறைக்கலாம். சாலையோரம் நடப்பவர் இந்தச் சேமிப்புக்கு ஒப்புதல் தரவில்லை, பின் இருக்கையில் உறங்கும் குழந்தையும் தரவில்லை. தான் மட்டுமே தாங்கக்கூடிய இடரை ஒருவர் ஏற்பது துணிவு. பிறர் தலையில் அவரறியாமல் ஏற்றுவதற்கு எந்த வருமானமும் உரிமை தராது.

எல்லாம் ஊழ்ப்படியே நடக்கும் என்பவருக்கு, ஊழ் என்று ஓர் அதிகாரம் வைத்த திருக்குறளே முயற்சியைப் போற்ற ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் வைத்திருப்பதை நினைவூட்டலாம். அம்முயற்சிக்கு ஏற்ற நாளும் உண்டு: ஆயுத பூஜை புரட்டாசி அல்லது ஐப்பசியில், வடகிழக்கு மழைக்குச் சற்று முன்னே வருகிறது. அன்று சந்தனமும் குங்குமமும் வைக்க ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் யாரேனும் குனிகிறார்கள். அப்படிக் குனிபவர்கள், எலுமிச்சம்பழத்தை வைப்பதற்கு முன், அந்த நான்கு இலக்கங்களைப் படித்து, பள்ளத்தின் ஆழத்தை விரலால் தடவிப் பார்த்து, ஸ்டெப்னிக்கும் காற்றடித்து வைக்க வேண்டும்.