வேலை போனால் மனிதன் போய்விடுவானா?

ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் பெயரையும் ஊரையும் கேட்கிறோம். அடுத்து, "ஐயா என்ன தொழில் பார்க்கிறீர்கள்?" என்று கேட்கிறோம். கேட்பவருக்கு இது சாதாரணக் கேள்வி. நேற்று வேலையிழந்தவருக்கோ இது நெஞ்சில் குத்தும் கேள்வி. அவர் தலையைக் குனிகிறார். அல்லது பொய் சொல்கிறார். வேலை போனதை மனைவிக்கும் மறைத்து, காலையில் உடுத்திக்கொண்டு பஸ் ஏறி, கண்டி வாவிக்கரையில் பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறவர்களும் உண்டு. இவர்கள் செய்த குற்றம் என்ன? எதற்காக இந்த வெட்கம்?

நம் நகரத்தின் அண்மைக்கால அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பிரயாணிகள் வந்தார்கள். 2019 உயிர்ப்பு ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்கும் 2020 இல் பரவிய கொள்ளைநோய்க்கும் பின், 2021 இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2020 இல் எசல பெரகராவே பார்வையாளரின்றி நடந்தது. ஹோட்டல் சிப்பந்திகள், வழிகாட்டிகள், ஓட்டோ சாரதிகள், வாசனைத் திரவியத் தோட்டங்களில் நின்றவர்கள் எனப் பலர் வருமானமிழந்தார்கள். நிமிர்வதற்குள் 2022 இன் டொலர்த் தட்டுப்பாடும் எரிபொருள் வரிசைகளும் வந்தன. இவர்கள் சோம்பேறிகளா? கையாடியவர்களா? இல்லையே! ஆயினும் வெட்கப்பட்டவர்கள் இவர்களே.

இந்த வெட்கத்துக்கு வேர், ஒரு தவறான கணக்கு. மனிதனின் பெறுமதியும் அவன் பெறும் சம்பளமும் ஒன்றே என நாம் நம்பத் தொடங்கிவிட்டோம். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல் இக்கணக்கைத் திருத்துகிறது. வேலையின் மதிப்பு, அது எவ்வகை வேலை என்பதிலிருந்து பிறப்பதன்று. அதைச் செய்பவன் மனிதன் என்பதிலிருந்தே பிறக்கிறது. அப்படியானால், வேலை போன பின்பும் அந்த மதிப்பின் ஊற்று அப்படியே இருக்கிறதல்லவா?

இதற்கு நம் மலைகளிலேயே ஒரு சான்று உண்டு. ஸ்கொத்லாந்திலிருந்து 1852 இல், பதினேழு வயது நிறையுமுன், இங்கு வந்தவர் ஜேம்ஸ் டெய்லர். 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர் அவர். கோப்பிப் பயிரை நோய் அழித்தபோது இத்தீவின் தோட்டத்தொழில் பிழைத்ததற்கு அவருடைய உழைப்பு பெரியதொரு காரணம். அத்தகையவரை, நாற்பது ஆண்டுச் சேவைக்குப் பின், 1892 இல் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் அவர் நோயுற்று இறந்தார். அவருடைய உடலை லூல்கந்துரவிலிருந்து கண்டி மகியாவ மயானம்வரை தோளில் சுமந்து நடந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். முதலாளிகளின் கணக்கில் அவர் வேண்டாதவர். சுமந்தவர்களுக்கோ அவர் மனிதர். எந்தக் கணக்கு சரியானது?

சுமந்த அந்த ஏழைகளின் நிலை இன்னும் கடுமையானது. தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்டால் வேலையோடு லயத்துக் காம்பராவும் போகும். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் கைமாறிய காலத்தில், கண்டி மாவட்டத்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இரண்டையும் ஒருங்கே இழந்து தெருவுக்கு வந்தன. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிப் பிழைத்தார்கள். அவர்களுடைய துன்பம் அவர்களுடைய குறையினால் வந்ததன்று. வேலையை இழந்தவன் கூரையையும் இழக்கும்படி அமைந்த ஏற்பாடே குறையுள்ளது.

"மதிப்பு இருந்து என்ன? அடுப்பு எரியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறும் ஆறுதல் வார்த்தை பசியாற்றாது. ஆனால் வெட்கம் என்ன செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும். வேலையிழப்பு வருமானத்தை மட்டும் பறிப்பதில்லை. ஒஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியந்தால் என்னும் சிற்றூரில், 1930 ஐ ஒட்டி நெசவாலை மூடப்பட்டது. அவ்வூரை ஆராய்ந்தவர்கள் 1933 இல் வெளியிட்ட நூலில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஆண்களுக்கு நேரம் ஏராளமாக இருந்தும், நூலகத்தில் எடுத்த புத்தகங்கள் குறைந்தன. தெருவில் நடையும் தளர்ந்தது. அன்று என்ன செய்தோம் என்று சொல்லவும் பலரால் முடியவில்லை. தாம் எவருக்கும் தேவையில்லை என்ற எண்ணம் மனிதனின் கைகளையே கட்டிவிடுகிறது. கட்டுண்ட கை வேறு வேலையை எப்படித் தேடும்?

ஆகவே வேலையிழந்த சகோதரனே, சகோதரியே, முதல் நாளே வீட்டாரிடம் சொல்லுங்கள். ஒளித்தால் கடனும் பொய்யும் சேர்ந்து வளரும். அடுத்து, உங்கள் உரிமையைக் கேளுங்கள். 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் இடத்தில், முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது உழைத்தவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி நீக்குவதாயின் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். முறைப்பாட்டை ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். வெட்கத்தால் வீட்டில் முடங்கியிருந்தால் அந்தத் தவணை கடந்துவிடும். அத்தகைய இடத்தில் ஐந்து ஆண்டு சேவையாற்றியவருக்குப் பணிக்கொடையும் உண்டு. இவை பிச்சையல்ல, உங்கள் வியர்வையின் மீதி.

கிடைத்த நேர்மையான வேலையைச் செய்ய நாணாதீர்கள். கணக்கெழுதிய கை சில மாதம் மூட்டை தூக்கினால் கணக்கை மறந்துவிடாது. எனினும் கற்ற தொழிலைக் கைவிட வேண்டாம்; அதற்கேற்ற இடத்தைத் தொடர்ந்து தேடுங்கள். வெளிநாடு போவதாயின், முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்த பின்பே காசு கொடுங்கள். அவசரத்தில் இருப்பவனைத்தான் ஏமாற்றுக்காரன் தேடி வருகிறான்.

வேலை உள்ள நமக்கும் கடமை உண்டு. வேலையிழந்தோருக்கு உதவிப்பணம் கொடுப்பது சமுதாயத்தின் கடமை என்று அந்தச் சுற்றுமடல் கூறுகிறது. ஆனால் 2022 இன் நெருக்கடியில் நம் நாட்டுத் தொழிலாளர் அத்தகைய காப்புறுதி எதுவுமின்றியே நின்றார்கள். சட்டம் வரும்வரை அந்தச் சுமையின் ஒரு பங்கு அயலவர்மேல் விழுகிறது. கடைக்காரர் ஒரு மாதக் கடனுக்குப் பொறுக்கலாம். முதலாளியை அறிந்தவர் ஒரு வார்த்தை சொல்லலாம். லொறி வைத்திருப்பவர் ஒருவரைப் பழக்கிவிடலாம். எல்லாவற்றுக்கும் முன்பு, "ஏன் நிற்பாட்டினார்கள்?" என்று துருவுவதை விட்டுவிட்டு, "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்கலாம். முந்திய கேள்வி அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. பிந்தியது அவருடைய கைகளில் இன்னும் இருக்கும் திறமையை அவருக்கே நினைவூட்டுகிறது. இந்த வாரம் உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் போய்க் கேளுங்கள்.