எண்ணூரின் சாம்பலும் சற்காரிய வாதமும்

உள்ள பொருள் முற்றாக அழிந்து இல்லாமற் போவதும், இல்லாத ஒன்று வெறுமையிலிருந்து தோன்றுவதும் நிகழா என்னும் கொள்கை, சாங்கியராலும் சைவ சித்தாந்திகளாலும் சற்காரிய வாதம் என வழங்கப்படுகிறது. காரியமானது தோன்றுவதற்கு முன்பே தன் காரணத்துள் நுண்ணிய நிலையில் அடங்கியிருக்கிறது என்பதே அதன் சாரம். மாயையிலிருந்து உலகம் விரிவதையும் அதிலேயே ஒடுங்குவதையும் விளக்க எழுந்த இக்கொள்கை, வட சென்னையில் இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் தொழில் வட்டாரத்தில் அதன் ஆசிரியர்கள் எண்ணியிராத ஒரு பயனைப் பெறுகிறது. தொழிலுக்கும் மக்களுக்கும் உதவும்படி அறிவியலைச் செயலாக்கும் பயன்பாட்டு ஆராய்ச்சி, ஒரு கழிவை நீக்கிவிட்டதாக அறிவிக்கும்போது உண்மையில் எதைச் செய்திருக்கிறது என்ற வினாவை அது எழுப்புகிறது.

வட சென்னை அனல் மின் நிலையம் 1994இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான நிலக்கரியை இறக்கும் நோக்கத்துடன் திட்டமிடப்பட்டு, இன்று காமராஜர் துறைமுகம் எனப் பெயர் பெற்றிருக்கும் எண்ணூர்த் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கியது. இந்திய நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பலாகவே எஞ்சுவதால், எரிப்பது எவ்வளவோ அதற்கேற்ற சாம்பலுக்கும் இடம் தேட வேண்டியிருக்கிறது. புகையோடு பறக்கும் நுண்துகள்களுக்கு மின்னூட்டம் அளித்துத் தகடுகளில் படியவைக்கும் நிலைமின் வீழ்படிவி இல்லையென்றால் அந்த உலர்சாம்பல் ஊரின் மேலேயே இறங்கியிருக்கும். அக்கருவி ஒரு மெய்யான சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பிடிபட்ட சாம்பல் நீரோடு குழம்பாகக் கலக்கப்பட்டுக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்பப்பட்டபோது, குழாய்க் கசிவுகளால் அது கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து, இறாலும் நண்டும் பெருகிய நீர்நிலையைத் தூர்த்தது. காற்றிலிருந்து நீங்கிய பொருள் ஆற்றைச் சேர்ந்தது, அவ்வளவே.

அதே சாம்பலுக்கு வேறொரு கதியும் உண்டு. சிமெண்டு நீரோடு வினைபுரியும்போது வெளிப்படும் சுண்ணாம்போடு சாம்பலில் உள்ள சிலிக்கா இணைந்து, கற்காரைக்கு வலுத்தரும் கால்சியம் சிலிக்கேட் சேர்மமாக மாறுகிறது. பொசோலானா வினை எனப்படும் இதனால் கழிவாகக் கிடந்தது கட்டுமானப் பொருளாகிறது. அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செய்யப்படும் செங்கல்லில் குறைந்தது 25 விழுக்காடு சாம்பல் கலக்க வேண்டும் என்று நடுவணரசு 1999இல் ஆணையிட்டது இந்த அறிவின் பலத்தில்தான். சற்காரிய வாதத்தின் நோக்கில் இரண்டு செயலும் ஒன்றல்ல: முன்னது இடமாற்றம், பின்னது உருமாற்றம். ஆராய்ச்சி அறிக்கைகள் இவ்விரண்டையும் 'தீர்வு' என்ற ஒரே சொல்லால் குறிப்பதுதான் குழப்பத்தின் வேர்.

இவ்வேறுபாடு சாம்பலோடு நிற்பதில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கசிந்து திருவொற்றியூர்க் கரையில் ஒதுங்கியபோது, மக்கள் அதை வாளிகளில் அள்ள வேண்டியிருந்தது என்பது நாட்டின் தொழில்நுட்பத்துக்குப் பெருமை தரும் செய்தியன்று. அள்ளியதைக் குழியிலிட்டு, ஐதரோகார்பன்களை உண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைக்கும் நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்தது மட்டும் உருமாற்றத்தின் பாற்படும்.

நீரைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் சிக்கலானது. சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் அமெரிக்காவில் 1960ஐ ஒட்டி உருவாக்கிய சவ்வு, அழுத்தத்தின் கீழ் நீரை விட்டு உப்பைத் தடுக்கும் எதிர்ச் சவ்வூடு பரவலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களிலேயே நகரின் கழிவுநீரை இம்முறையில் தூய்மையாக்கிப் பயன்படுத்தின. 2019இல் கொடுங்கையூரில் தொடங்கிய இத்தகைய நிலையம் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீர் தரவல்லது. குடிநீருக்கு ஏங்கும் நகரில் ஆலைகள் ஏரிநீரைக் கேளாதிருப்பது அருமையான பயன். ஆனால் சவ்வு எதையும் மாற்றுவதில்லை, பிரிக்கிறது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும்போதும், உள்ளே வந்த நீரில் பாதிக்கு மேல் செறிந்த உவர்நீராகக் கடலுக்கே திரும்புகிறது.

அறிவியல் நடுநிலையானது, பயன்படுத்துவோரே பொறுப்பாளர் என்னும் வழக்கமான விடையைச் சித்தாந்தத்தின் காரண ஆராய்ச்சி எளிதில் ஏற்காது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று அது பகுக்கும். ஆய்வாளர் தம்மைச் சக்கரமாகக் கருதிக்கொள்ள விரும்பினாலும், ஆய்வின் எல்லைக்கோடு எங்கே முடியும், எது கணக்கில் வரும், எது வெளியே விடப்படும் என்று முடிவு செய்பவர் அவராயிருக்கும் அளவுக்கு அவரும் குயவரே.

இவ்வெல்லைக்கோடு பற்றிய கூர்மையான சிந்தனை திருவொற்றியூரின் சொந்தக் கதையிலேயே இருக்கிறது. சங்கிலியாரை மணக்கும்போது அவரைப் பிரியேன் என்று சிவன் முன் சூளுரைக்க வேண்டியிருந்த நாயனார் சுந்தரர், அந்நேரம் மட்டும் கருவறையை விட்டு மகிழமரத்தில் இருக்குமாறு இறைவனை வேண்டினார் என்றும், இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி மகிழின் கீழேயே சூளைப் பெறுமாறு கூறிவிட்டார் என்றும் பெரிய புராணம் கூறும். பின்னர் திருவாரூரை நினைத்துச் சங்கிலியாரைப் பிரிந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது சுந்தரர் பார்வையிழந்தார். சுந்தரர் பொய் சொல்ல எண்ணவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உறுதிமொழி செல்லுபடியாகும் எல்லையைத் தமக்கு ஏற்றபடி வரைந்துகொள்ள முயன்றார், சாட்சியோ அந்த எல்லைக்கு வெளியே அமர்ந்திருந்தது.

இவ்வகையில் பார்த்தால் ஆராய்ச்சியின் வெற்றியைப் புகைபோக்கியின் உச்சியிலோ சவ்வின் தூய்மையான பக்கத்திலோ மட்டும் அளப்பது போதாது. கழிமுகத்தின் ஆழம், வண்டலின் தன்மை, எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவரின் வலையில் விழும் மீன் ஆகியவையும் அதே சோதனையின் அளவீடுகளாக, திட்டம் தீட்டப்படும் நாளிலேயே எழுதப்பட வேண்டும். உருமாற்றமும் முடிவான விடையன்று என்று சித்தாந்தி நினைவூட்டலாம். கற்காரைக்குள் கட்டுண்ட சாம்பல், கட்டடம் இடிபடும் காலத்தில் மீண்டும் தூசியாக வெளிவரும். ஆயினும் அதற்கு அரை நூற்றாண்டு ஆகலாம். கசிந்த சாம்பல் குழம்பு ஆற்றைச் சேர்வதற்கோ ஒரு நாள் போதும்.