கிராம்பியின் தொப்பி

1936 டிசம்பரில் வெளிவந்த 'கிறிஸ்மஸ் கம்ஸ் பட் ஒன்ஸ் எ இயர்' எட்டு நிமிஷம் போல ஓடும் ஒரு அமெரிக்கச் சித்திரப் படம். நியூயார்க்கில் மாக்ஸ் ஃப்ளைஷரின் கூடத்தில் தயாரானது. டைரக்‌ஷன் அவர் தம்பி டேவ். குழந்தைகள் சமாச்சாரம் என்று வெகுநாள் நான் ஒதுக்கியே வைத்திருந்தேன். பார்த்த பிறகு, அது எழுப்பிவிட்டுப் பதில் சொல்லாமல் போகிற ஒரு கேள்வி என்னை விடுவதாயில்லை.

ஓர் அனாதை விடுதி. கிறிஸ்மஸ் காலை. குழந்தைகள் ஆசையோடு பொம்மைகளை எடுக்கிறார்கள். எல்லாம் பழசு, கைபட்டதும் உதிர்ந்து போகின்றன. ஒரே அழுகை. பனியில் வண்டியோட்டிப் போகும் புரொபசர் கிராம்பி அதைக் கேட்டு ஜன்னல் வழியே பார்க்கிறார். 1935இல் பெட்டி பூப் படமொன்றில் அறிமுகமான கிழவர் இவர். பட்டமளிப்பு விழாத் தொப்பி மாதிரி ஒன்று வைத்திருக்கிறார். அதன் உச்சியில் ஒரு மின்சார பல்பு. தொப்பியை மாட்டிக்கொண்டு யோசிப்பார். யோசனை பிறந்ததும் பல்பு எரியும். சமையலறைக்குள் புகுந்து அங்கிருக்கிற தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் பொம்மைகளாக்கிவிடுகிறார். பச்சைக் குடைகளை அடுக்கடுக்காக விரித்தால் கிறிஸ்மஸ் மரம். அது கிராமபோன் தட்டின்மேல் சுழல்கிறது.

ரூப் கோல்ட்பெர்கின் கேலிச் சித்திரங்களில் எந்திரம், ஓர் அற்பக் காரியத்தைச் செய்ய ஊரைச் சுற்றும். கிராம்பியின் புத்தி வேறு ரகம். ஒரு பொருள் தனக்கு விதிக்கப்பட்ட உபயோகத்திலிருந்து அவர் கையில் விடுதலையாகிறது. இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அவருடைய இரக்கத்துக்கும் பல்பு எரிவதற்கும் இடையே இருக்கிற அந்தக் கணம். உடைந்த பொம்மைகளைக் கொடுத்தவர்களுக்கும் இரக்கம் இருந்திருக்கும். தங்களுக்கு வேண்டாததைக் கொடுத்ததோடு அது தீர்ந்துபோயிற்று. யோசிக்கிற சிரமத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் கணக்கெழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒன்று உறுத்துகிறது. பொம்மைகள் வரவு, பற்று யார் பெயரில்? குழந்தைகளுக்குக் கிடைத்ததெல்லாம் ஏற்கெனவே அவர்கள் கூரைக்குக் கீழே இருந்த சாமான்கள்தாம். வெளியிலிருந்து வந்தது ஒரு மூளை மட்டும். மறுநாள் எதில் சமைப்பது? விடுதிக்குப் பொறுப்பானவர் என்று யாரும் படத்தில் கண்ணில் படுவதேயில்லை. அவர்களைத் தேடும் சங்கடத்தைக் கிராம்பியின் சாமர்த்தியம் நமக்கு மிச்சப்படுத்திவிடுகிறது. போதாததற்குத் தலைப்பு வேறு, வருஷத்துக்கு ஒருநாள் போதும் என்கிறது.

படம் வந்து ஆறு மாதம் ஆவதற்குள், 1937 மே மாதம், ஃப்ளைஷர் கூடத்தில் சித்திரக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்த சம்பளம், தொழிற்சங்க அங்கீகாரம் என்று அது ஐந்து மாதம் நீடித்தது. குடைகளை வரைந்த கைகளில் சிலவாவது அப்போது தெருவில் அட்டை பிடித்து நின்றிருக்கும். 1938இல் கூடம் ஃப்ளாரிடாவின் மியாமிக்கு இடம் மாறியது. அந்தப் பிரச்னைக்கு எந்தத் தொப்பியிலும் பல்பு எரியவில்லை.

ஆகவே இந்தக் கருணை அமைப்புக்கு முட்டுக்கொடுக்கும் கருணை என்பார் என் முற்போக்கு நண்பர். தர்க்கம் சரிதான். என்னால் முழுசாக ஒப்ப முடியவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அழுகிற குழந்தைக்கு வயது மூன்றோ நாலோ. அமைப்பு மாறுகிற வரை அது மூன்று வயசிலேயே நின்றுகொண்டிருக்காது. கிராம்பி வண்டியை நிறுத்தாமல் போயிருந்தால் அவரை மன்னிக்க எனக்கு எந்தக் கொள்கையும் உதவாது. நிறுத்தியதோடு சரி என்று விடவும் மனசு வரவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

விடுதிக்கு அவர் மறுபடி போனதாகப் படம் ஏதுமில்லை. 1937இல் 'ஹவுஸ் கிளீனிங் ப்ளூஸ்' படத்தில், பிறந்தநாள் விருந்து முடிந்து அலங்கோலமாகக் கிடக்கும் பெட்டி பூப்பின் வீட்டைச் சுத்தம் செய்ய எந்திரங்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்.