கலோரிக் கணக்கும் காலடிக் கணக்கும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஃபஜ்ரு தொழுதுவிட்டு வெளியே வந்தால் நங்கநல்லூர் தெருக்களில் ஆணும் பெண்ணுமாக நடந்து போகிறார்கள். பலருடைய கையில் ஸ்மார்ட் வாட்ச். நம் வாலிபர்களும் முஸாஃபஹா செய்த கையோடு, "ஹஜ்ரத், இன்னைக்கு 600 கலோரி" என்று திருப்பிக் காட்டுகிறார்கள். மாஷா அல்லாஹ், சந்தோஷம்தான். உடம்புக்கு உங்கள் மீது ஹக்கு இருக்கிறது என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விடாமல் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தவரிடம் சொன்னது இது. வணக்கத்துக்காகக்கூட உடம்பை வதைக்க அனுமதி இல்லாதபோது, நாவுக்காக வதைக்கலாமா?

இது சாதாரண விஷயம் இல்லை. நம் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100 பேருக்கு 14 பேர். இந்த ஸஃப்புகளையே எண்ணிப் பாருங்கள்.

சரி, அந்தக் கடிகாரத்துக்கு வருவோம். 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட 7 கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். நாடித் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே காட்டின. கலோரியில் மட்டும் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். ஆக, கையில் தெரியும் 600-ஐ அப்படியே நம்பிச் சாப்பாட்டில் செலவழிக்க முடியாது. 70 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 150 கலோரிதான் போகும். திரும்பும் வழியில் ஒரு மெதுவடை, சர்க்கரை போட்ட ஒரு டீ - அந்த நடை அங்கேயே தீர்ந்துவிட்டது! ஒரு தட்டு மட்டன் பிரியாணிக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வலீமா சாப்பாட்டைப் பற்றி நான் பேசவே இல்லை.

ஸூரத்துல் முதஃப்பிஃபீனில் அல்லாஹ் ஒரு கூட்டத்தைக் கண்டிக்கிறான். தனக்கு வாங்கும்போது நிறைய அளந்து வாங்குவார்கள், பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பார்கள். அது வியாபாரத்தில் மோசடி செய்பவர்களைப் பற்றியது. ஆனால் அந்தக் குணம் நம் நஃப்ஸிலும் இருக்கிறதே! எரித்ததைத் தசமப் புள்ளி வரை எண்ணுகிறோம், தின்றதை எண்ணுவதில்லை. முஹாஸபா என்றால் வரவு, செலவு இரண்டையும் எழுத வேண்டும். நபி (ஸல்) அவர்கள் காட்டிய கணக்கு எளிமையானது. முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்கள் போதும்; மீறினால் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு. இதற்குக் கருவி வேண்டாம், சார்ஜும் வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பருமனாக இருக்கும் பிள்ளையை வீட்டில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைப் பார்த்துத் தோழர்கள் சிரித்தபோது, மீஸான் தராசில் அவை உஹது மலையைவிடக் கனமானவை என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். உடம்பைப் பார்த்துச் சிரிப்பது நமக்கு ஆகாது.

காலடிகளை எண்ணுவதும் நமக்குப் புதிதில்லை. பனூ ஸலிமா கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவியிலிருந்து தூரத்தில் குடியிருந்தார்கள். பக்கத்தில் குடிவர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், நீங்கள் எடுத்து வைக்கும் அடிகள் பதிவாகின்றன என்று நபி (ஸல்) அவர்கள் தெரிவித்தார்கள். சனிக்கிழமைதோறும் குபா பள்ளிக்குப் போவார்கள். சில சமயம் வாகனத்தில், சில சமயம் நடந்து. மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும்! நாம் இரண்டு தெரு தள்ளியிருந்து பைக்கில் வந்து, பள்ளி வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, சாயங்காலம் டிரெட்மில்லுக்குப் பணம் கட்டுகிறோம்.

அதற்காக, தராவீஹ் தொழுதால் இத்தனை கலோரி என்று வாட்ஸ்அப்பில் வருவதை அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். தொழுகை அல்லாஹ்வுக்கு. உடம்புக்கு நன்மை கிடைத்தால் அது அவன் தரும் உபரி. நிய்யத்தை மாற்றிவிட்டால் அசல் போய்விடும்.

திருமங்கலம் அசியாட் காலனி மக்கள், சர்க்கரை நோயைப் பற்றி டாக்டர்கள் விளக்கிய பிறகு, சொந்தப் பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 14 சதவீதத்திலிருந்து 59 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தார்கள். ஒரு காலனியால் முடிந்தது ஒரு ஜமாஅத்தால் முடியாதா? நாளை ஃபஜ்ருக்குப் பின் முன்வாசலில் கூடுவோம். வயதானவர்களின் வேகத்துக்குத்தான் நடை. சர்க்கரைக்கு ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

யா அல்லாஹ், இந்த ஊரில் நோயால் அவதிப்படும் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவாயாக. கடைசி வரை உனக்கு நின்று தொழும் முழங்கால்களை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.