காக்கி உடையும் மனச்சாட்சியும்

பொலிஸ் உத்தியோகத்துக்கு ஒரு தமிழ் இளைஞன் விண்ணப்பிக்கலாமா? ஆட்சேர்ப்பு விளம்பரம் வெளிவரும்போதெல்லாம் வடக்கிலும் கிழக்கிலும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. நிரந்தரமான அரசாங்க உத்தியோகம் கைநழுவக் கூடாது என்பர் சிலர். நம்மவர் மீது தடி ஓங்கியவர்களோடு போய் நிற்பதா என்பர் வேறு சிலர். இரு சாராரின் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும் சம்பளத்தையும் கசப்பையும் மட்டும் நிறுத்துப் பார்த்து முடிவு செய்யக்கூடிய விடயம் அன்று இது.

கசப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1981 மே இறுதியில் தொடங்கிய வன்செயல்களின்போது, பொலிசார் பெருந்தொகையாக நிறுத்தப்பட்டிருந்த யாழ்ப்பாண நகரிலேயே பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மறுபுறம், 1970களின் பிற்பகுதியிலிருந்து தமிழ்ப் பொலிஸ் உத்தியோகத்தர் பலர் ஆயுதக் குழுக்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவ்விரு நினைவுகளும் இன்னும் ஆறாத புண்களாகவே உள்ளன.

எனினும் ஒன்றைச் சிந்திப்போம். நள்ளிரவில் விதவையின் வீட்டுக் கதவை உடைப்பவனைத் தடுக்க ஒருவர் வேண்டும். குடிவெறியில் மனைவியை அடிப்பவனின் கையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வரவேண்டும் என்று நாம் அனைவரும் விரும்புகிறோம். அவர் நம் பிள்ளையாக மட்டும் இருக்கக் கூடாது என்கிறோம். இது நீதியாகுமா? ஒதுங்கி நிற்பதாலேயே ஒருவனுடைய கைகள் தூய்மையாகி விடுவதில்லை.

தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாய் பொலிஸ் நிலையத்துக்குச் செல்கிறாள். அவள் சொல்வது சிங்களத்தில் எழுதப்படுகிறது. தன்னால் வாசிக்க முடியாத கடதாசியில் அவள் கையொப்பமிடுகிறாள். அவளுடைய முறைப்பாடு தான் அங்கே எழுதப்பட்டதா என்பது அவளுக்கே தெரியாது. தமிழ் பேசும் உத்தியோகத்தர் 24 மணி நேரமும் பொலிஸ் நிலையங்களில் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் விதந்துரைத்தது. நம் இளைஞர் எவரும் போகாவிட்டால் அந்த நாற்காலியில் யார் அமர்வது?

ஆனால், போய் அமர்ந்தால் மட்டும் போதுமா? முறைப்பாட்டைச் சரியாக எழுதும் அதே தமிழ், மூடிய அறைக்குள் ஒரு கைதியை மிரட்டவும் பயன்படலாம். அடிப்பவனின் கேள்வியை மொழிபெயர்த்துக் கொடுத்தவன், தன் கையால் அடிக்கவில்லை என்பதற்காகக் குற்றமற்றவன் ஆகிவிடுவானா?

‘மேலதிகாரியின் கட்டளை, நான் என்ன செய்வது?’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. எவரும் சித்திரவதைக்கு உட்படுத்தப்படலாகாது என்கிறது 1978 அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமோ சித்திரவதைக்கு 7 முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்து, போர்க்காலமோ மேலதிகாரியின் கட்டளையோ இதற்கு எதிர்வாதம் ஆகாது என்று தெளிவாகக் கூறுகிறது. மனச்சாட்சி எப்போதும் சொல்லி வந்ததையே சட்டமும் இங்கே சொல்கிறது.

அடிப்பவர் யாவரும் கொடியவர் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்பதில்லை என்பது நமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் பழைய விதி. ஒப்புதலைப் பெற்றால் வழக்கு முடிந்துவிடும் என்றிருந்தால், களைத்துப்போன நல்ல மனிதனும் தடியை எடுக்கக்கூடும் என்பதை அவ்விதி அறிந்திருந்தது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கு விதிவிலக்கு வைத்தபோது என்ன நேர்ந்தது என்பதை நம் குடும்பங்கள் பல அறியும்.

இதில் நமக்கும் பங்குண்டு. ஊரில் கள்வன் ஒருவன் அகப்பட்டால், ‘நல்லா நாலு போட்டுக் கேளுங்கோ ஐயா!’ என்று பொலிசாரைத் தூண்டுபவர் யார்? நம் பிள்ளை அடிவாங்கும்போது மட்டும் நாம் மனித உரிமை பேசுகிறோம். அயலவனின் பிள்ளை மீது விழும் அடியை நாம் விரும்பும் வரை, அந்தத் தடியை நாமும் சேர்ந்தே பிடித்திருக்கிறோம்.

ஆகவே பொலிஸ் சேவைக்குப் போக விரும்பும் இளைஞன் போகட்டும். ஆனால் எந்தக் கட்டளைக்கு ‘முடியாது’ என்பேன், எந்தக் கடதாசியில் கையொப்பமிட மாட்டேன் என்பதைச் சீருடை அணியுமுன்னரே தீர்மானித்துக்கொண்டு போகட்டும். மேலதிகாரி முன்னால் நிற்கும் அந்த நிமிடத்தில் யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்காகப் பதவியுயர்வு தடைப்படலாம், தூர இடத்துக்கு மாற்றம் வரலாம், வேலையே போகலாம்.

பெற்றோரும் ஒன்றைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார்களாக. மகன் நட்சத்திரப் பட்டிகளோடு வீடு வந்தால் ஊரைக் கூட்டி மகிழ்வோம். தகாத கட்டளையை மறுத்ததனால் வேலையிழந்து வெறுங்கையோடு வந்தால், அவனைத் தலைநிமிர்ந்து வரவேற்போமா?