யார் வீட்டுப் பிள்ளை?



2022-ம் வருஷக் கடைசியில், செங்கற்பட்டு அரசுச் சிறார் இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் மாண்டான். அவனை அடித்துக் கொன்றதாக ஊழியர் அறுவர் கைதாயினர்.

2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி, மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் குறைந்தது மூவர் இத்தகைய இல்லங்களைப் பார்வையிட வேண்டும். அவர்களில் ஒரு பெண்ணும் ஒரு வைத்தியரும் அவசியம். ஆனால் கணக்கையும் சுவரையும் பார்த்துத் திரும்பினால் போதுமா? விடுதியிலுள்ள நம் மகனைக் காணச் சென்றால், அவன் முகத்தைப் பார்க்கிறோம், தனியே அழைத்து, "சாப்பிட்டாயா? யாராவது அடித்தார்களா?" என்று விசாரிக்கிறோம். அந்த விசாரிப்பு இல்லாத சோதனை வெறும் சடங்கே.

18 வயது நிரம்பி வெளியேறுகிறவனுக்கு 21 வரை ஆதரவளிக்க அதே சட்டம் வழி செய்கிறது. அப்படி ஒருவன் உங்கள் வாசலில் வாடகைக்கு அறை கேட்டு நின்றால், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.